கடுகு சிறுத்தாலும்: இண்டியானா மாநிலத்துப் பள்ளிக் கூடைப்பந்து



இந்த ஆண்டு வட்டார விளையாட்டுப் போட்டியில் நம் கூடைப்பந்துக் குழு முதல் ஆட்டத்திலேயே தோற்றுத் திரும்பியதை நீங்கள் அறிவீர்கள். எதிரணிக்கு 42, நமக்கு 11. அந்தப் பள்ளியில் மூவாயிரம் மாணவியர் படிக்கிறார்கள். நம் பள்ளியிலோ ஆறாம் வகுப்பு முதல் எண்ணினாலும் அறுநூறு பேர் தேறமாட்டோம். அவர்களுக்கு மாற்று ஆட்டக்காரர்களே ஏழு பேர் இருந்தார்கள். நமக்கு இருந்த இருவரில் ஒருத்திக்கு அன்று காய்ச்சல்.

திரும்பும்போது பேருந்தில் யாரும் பேசவில்லை. கடைசியில் எங்களில் ஒருத்தி, "சின்னப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் தனியாப் போட்டி வைக்கணும் மிஸ்" என்றாள். பி.டி. மிஸ் சிறிது நேரம் சன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, "அமெரிக்காவுல இண்டியானான்னு ஒரு மாநிலம் இருக்கு. அங்க இந்தக் கேள்வியை எண்பது வருஷத்துக்கு மேல விவாதம் பண்ணினாங்க. போய்ப் படிச்சுட்டு வந்து எனக்குச் சொல்லுங்க" என்றார்.

படித்தோம். பத்தாம் வகுப்பு மாணவியர் நாங்கள் ஆறு பேர் நூலகத்திலும் கணினி அறையிலும் தேடித் தெரிந்துகொண்டவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம். "பெண்கள் பள்ளி மலரில் பையன்கள் ஆடும் ஆட்டத்தைப் பற்றி எழுதலாமா?" என்று சில தோழியர் சிரித்தார்கள். கட்டுரையை முடிவுவரை படித்துவிட்டுச் சிரிக்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

பழக்கூடையில் பிறந்த ஆட்டம்

நாம் ஆடும் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றை யார் எப்போது தொடங்கினார் என்று சொல்ல முடியாது. கபடிக்கும் பாண்டிக்கும் பிறந்தநாள் கிடையாது. ஆனால் கூடைப்பந்துக்கு உண்டு. 1891 டிசம்பர் மாதம், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளி ஆசிரியர் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இதை உருவாக்கினார். அவர் கனடா நாட்டவர்.

அது கடுங்குளிர்காலம். வெளியே பனி. உள்ளே அடைபட்டுக் கிடந்த 18 மாணவர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருவரை ஒருவர் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகக் கூரைக்குள் ஆடக்கூடிய, முரட்டுத்தனம் குறைந்த ஆட்டமொன்று தேவைப்பட்டது. நெய்ஸ்மித் இரண்டு பீச் பழக் கூடைகளை வாங்கிவந்து, உடற்பயிற்சிக் கூடத்தின் மாடிக் கைப்பிடியில் 10 அடி உயரத்தில் ஆணியடித்து மாட்டினார். 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். அணிக்கு 9 பேராகப் பிரிந்து ஆடினார்கள். கூடைக்கு அடிப்பாகம் இருந்ததால், பந்து விழுந்தபோதெல்லாம் ஏணி வைத்து ஏறி எடுக்கவேண்டியிருந்ததாம்! இன்று அடிப்பாகம் போய்விட்டது. அணிக்கு 5 பேர் என்றாகிவிட்டது. ஆனால் அந்த 10 அடி உயரம் மட்டும் மாறவேயில்லை. நம் மைதானத்து வளையமும் அதே உயரத்தில்தான் இருக்கிறது.

ஒய்.எம்.சி.ஏ. கிளைகள் உலகெங்கும் இருந்தமையால் ஆட்டமும் விரைவில் பரவியது. ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து 1920-இல் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நம் மாநிலத்தின் உடற்கல்வி ஆசிரியர் பலர் அங்கே பயின்றவர்கள். ஆக, ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் நமக்கும் ஒரு தூரத்து உறவு இருக்கத்தான் செய்கிறது.

ஸ்பிரிங்ஃபீல்டில் பிறந்த குழந்தை, வளர்ந்த இடம் இண்டியானா. 1890களிலேயே அங்குள்ள கிராஃபோர்ட்ஸ்வில் ஊருக்கு நிக்கலஸ் மக்கே என்ற போதகர் இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்துவிட்டார். 1925-இல் அம்மாநிலப் பள்ளிகளின் இறுதிப் போட்டியைக் காண வந்த நெய்ஸ்மித், அங்கே கூடியிருந்த கூட்டத்தைக் கண்டு வியந்து போனாராம்.

ஏன் இண்டியானா?

இண்டியானா மக்காச்சோளம் விளையும் சமவெளி. சிறுசிறு ஊர்கள். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு பள்ளி. உயர்நிலைப் பள்ளியென்று பெயர் இருந்தாலும், பல பள்ளிகளில் மொத்தமே நூறு மாணவர்கள்தாம். அமெரிக்கக் கால்பந்துக்கு ஓர் அணிக்கு 11 பேர் வேண்டும். தலைக்கவசமும் தோள்கவசமும் வேண்டும். இத்தனை பையன்களுக்கும் இத்தனை செலவுக்கும் சிறிய ஊர் எங்கே போகும்? கூடைப்பந்துக்கோ ஐந்து பேர் போதும், ஒரு பந்து போதும். வைக்கோல் கொட்டகைச் சுவரில் ஒரு வளையத்தை மாட்டிவிட்டால் தனியாகவே பழகலாம்.

இன்னொரு காரணமும் உண்டு. கூடைப்பந்துப் பருவம் குளிர்காலத்தில் வருகிறது. அறுவடை முடிந்து, வயலில் வேலை இல்லாத காலம் அது. வெள்ளிக்கிழமை இரவு என்றால் ஊரே பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் கூடிவிடும். நம் கிராமங்களில் கோடையில் திருவிழாவும் கூத்தும் நடப்பதில்லையா? அதுபோலத்தான் அவர்களுக்கு இந்த ஆட்டம். சில ஊர்களில் ஊர்மக்களில் பாதிப்பேர் அமரக்கூடிய அளவுக்கு அரங்குகளைக் கட்டினார்கள். நியூ காசில் என்ற சிறுநகரம் 1959-இல் தன் பள்ளிக்காகத் திறந்த அரங்கில் அன்று 9,000-க்கும் மேற்பட்டோர் அமர இடமிருந்தது. ஊரின் மக்கள்தொகை இருபதாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்!

'கான்ஃபரன்ஸ்' என்றால் என்ன?

இந்தச் சொல்லைக் கேட்டதும் எங்களில் ஒருத்திக்குப் பங்குக் கோவிலின் வின்சென்ட் தே பால் சபைதான் நினைவுக்கு வந்தது. ஞாயிறு பூசைக்குப் பிறகு, "கான்ஃபரன்ஸ் கூட்டம் இருக்கு" என்று அவள் அப்பா தங்கிவிடுவாராம். விளையாட்டில் கான்ஃபரன்ஸ் என்பது வேறு. ஆனால் அடிப்படை ஒன்றே: அக்கம்பக்கத்தவர் ஒன்றுசேர்ந்து, ஓர் ஒழுங்கு வகுத்துக்கொண்டு, தவறாமல் கூடுவது.

ஒரு வட்டாரத்தில் உள்ள எட்டுப் பத்துப் பள்ளிகள் தங்களுக்குள் ஓர் உடன்படிக்கை செய்துகொள்கின்றன. ஒவ்வொரு பருவத்திலும் ஒருவரோடு ஒருவர் கட்டாயம் ஆடவேண்டும். அந்த ஆட்டங்களின் வெற்றி தோல்விகளைத் தனியே கணக்கிட்டு, முதலிடம் பெறும் பள்ளிக்குக் கான்ஃபரன்ஸ் பட்டம் வழங்கப்படும். எல்லாப் பள்ளிகளிலிருந்தும் சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து ஒரு கௌரவ அணியையும் அறிவிப்பார்கள். கூடைப்பந்து மட்டுமன்றி ஓட்டம், நீச்சல், பேஸ்பால் முதலிய பிற ஆட்டங்களுக்கும் இதே கூட்டணிதான்.

பள்ளிகளைச் சேர்க்கும்போது இரண்டு விஷயங்களை முக்கியமாகப் பார்க்கிறார்கள். முதலாவது, தூரம். ஆட்டம் முடிந்து பேருந்தில் திரும்பும் பிள்ளைகள் மறுநாள் வகுப்புக்கு வரவேண்டும். ஆகவே ஊர்கள் அருகருகே இருப்பது நல்லது. இரண்டாவது, மாணவர் எண்ணிக்கை. ஏறத்தாழ ஒரே அளவுள்ள பள்ளிகள் சேர்ந்தால்தான் ஆட்டம் ஆட்டமாக இருக்கும். ஒரு பள்ளி மிகவும் வளர்ந்துவிட்டாலோ தேய்ந்துவிட்டாலோ, அது வேறு கூட்டணிக்கு மாறுவதும் உண்டு.

இண்டியானாவின் கான்ஃபரன்ஸ்களில் புகழ்பெற்றது 1926-இல் அமைந்த 'நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸ்'. ஆண்டர்சன், கோகோமோ, லோகன்ஸ்போர்ட், மன்சி சென்ட்ரல், ரிச்மண்ட், மேரியன் முதலான பள்ளிகளின் பெயர்கள் அதோடு பின்னிப் பிணைந்தவை. தொழிற்சாலைகள் நிறைந்த நடுத்தர நகரங்கள் அவை. மன்சி சென்ட்ரல் பள்ளி மட்டும் 8 முறை மாநிலக் கோப்பையை வென்றிருக்கிறது. மேரியன் பள்ளி 1985, 1986, 1987 என்று தொடர்ந்து மூன்று ஆண்டுகள் வென்றது. இத்தகைய பள்ளிகள் வாரந்தோறும் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டதால், மாநிலப் போட்டி வரும்போது எல்லாரும் கூர்தீட்டிய கத்திகளாக இருந்தார்கள்.

சிறிய பள்ளிகளுக்கும் தங்களுக்கென்று கூட்டணிகள் உண்டு. ஒரே மாவட்டத்துப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் போட்டிகளும் இருந்தன. ரிப்ளி மாவட்டத்தில் நான்கு பள்ளிகள் சேர்ந்து நடத்தும் அத்தகைய போட்டி இன்றளவும் நடந்துவருகிறது.

இன்னொரு செய்தியைப் பெற்றோரின் கவனத்துக்காகச் சொல்கிறோம். போதிய பாடங்களில் தேறாத மாணவனை அங்கே ஆட்டத்தில் இறக்க அனுமதியில்லை. எவ்வளவு கெட்டிக்கார ஆட்டக்காரனாக இருந்தாலும் சட்டம் சட்டம்தான். ஆகவே விளையாட்டு படிப்பைக் கெடுக்கும் என்பது அங்கே எடுபடாது. விளையாட விரும்புகிறவன் முதலில் படித்தாகவேண்டும்.

எல்லாருக்கும் ஒரே கோப்பை

கான்ஃபரன்ஸ் பட்டம் ஒருபுறம். மாநிலக் கோப்பை மறுபுறம். மாநிலப் போட்டியை நடத்துவது 1903-இல் நிறுவப்பட்ட இண்டியானா உயர்நிலைப் பள்ளி விளையாட்டுச் சங்கம். முதல் மாநிலப் போட்டி 1911-இல் நடந்தது. கோப்பையை வென்றது கிராஃபோர்ட்ஸ்வில்.

இங்கேதான் இண்டியானாவின் தனிச்சிறப்பு. கான்ஃபரன்ஸில் முதலிடமா, கடைசி இடமா என்பதை மாநிலப் போட்டியில் பார்ப்பதில்லை. எல்லாப் பள்ளிகளும் கலந்துகொள்ளலாம். முதல் படி 'செக்‌ஷனல்', இரண்டாம் படி 'ரீஜனல்', மூன்றாம் படி 'செமிஸ்டேட்', நான்காம் படி மாநில இறுதி. நெடுங்காலம் 64 செக்‌ஷனல்கள், 16 ரீஜனல்கள், 4 செமிஸ்டேட்டுகள் என்ற அமைப்பு இருந்தது. ஒருமுறை தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். 1930களில் 700-க்கும் மேற்பட்ட பள்ளிகள் கலந்துகொண்டன. நூறு பேர் படிக்கும் பள்ளியும் இரண்டாயிரம் பேர் படிக்கும் பள்ளியும் ஒரே கோப்பைக்காக ஆடின. பெரும்பாலான பிற மாநிலங்கள் பள்ளிகளை அளவு வாரியாகப் பிரித்துவிட்ட பின்பும் இண்டியானா பிடிவாதமாக ஒரே கோப்பையை வைத்திருந்தது.

"பாவம், சின்னப் பள்ளிகள்!" என்று நாங்கள் எண்ணினோம். அப்போதுதான் மைலன் பள்ளியைப் பற்றிப் படித்தோம்.

161 பேர் படித்த பள்ளி

இத்தாலி நாட்டு மிலான் நகரத்தின் பெயர்தான்; ஆனால் இண்டியானாக்காரர்கள் அதை 'மைலன்' என்பார்கள். மேலே சொன்ன ரிப்ளி மாவட்டத்தில் ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர் அது. 1954-இல் அதன் உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள் 161 பேர். பயிற்சியாளர் மார்வின் வுட் என்ற இளம் ஆசிரியர்.

அந்த ஆண்டு செக்‌ஷனல், ரீஜனல், செமிஸ்டேட் என்று ஒவ்வொரு படியாக ஏறி மைலன் இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. எதிரே நின்றது நார்த் சென்ட்ரல் கான்ஃபரன்ஸின் சிங்கமான மன்சி சென்ட்ரல். அந்தப் பள்ளியில் மைலனைப்போல் பத்து மடங்கு மாணவர்கள். 1954 மார்ச் 20. இண்டியானாபொலிஸ் நகரில் பட்லர் பல்கலைக்கழக அரங்கு. இன்று ஹிங்கிள் அரங்கு என்று அழைக்கப்படும் அதில் அன்று சுமார் 15,000 பேர்.

கடைசிக் கால்பகுதியில் மைலன் 26-28 என்று பின்தங்கியிருந்தது. பின்தங்கியவர்கள் பதறியடித்துக்கொண்டு பந்தை எறிவார்கள் என்றுதானே நினைப்போம்? மைலன் அப்படிச் செய்யவில்லை. பாபி பிளம்ப் என்ற மாணவர் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் அல்ல. நான்கு நிமிடத்துக்கும் மேலாக நின்றார்! இத்தனை நொடிக்குள் எறியவேண்டும் என்ற விதி அப்போது பள்ளி ஆட்டத்தில் இல்லை. (தொழில்முறை ஆட்டத்தில் 24 நொடி விதி வந்ததும் அதே 1954-இல்தான்.) உயரத்திலும் எண்ணிக்கையிலும் மிஞ்சியவர்களோடு ஓடி ஓடி ஆடினால் களைத்துப்போவோம், ஆட்டத்தை மெதுவாக்கினால் கடைசி ஒன்றிரண்டு எறிதல்களில் எதுவும் நடக்கலாம் என்பது வுட்டின் கணக்கு.

பிறகு ஆட்டம் மீண்டும் சூடுபிடித்தது. 28-28. அடுத்து பிளம்ப் இரண்டு தனி எறிதல்களைக் கூடைக்குள் போட 30-28. மன்சி சமன் செய்ய 30-30. சில நொடிகளே எஞ்சியிருந்தபோது மைலன் வீரர்கள் நால்வரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். பிளம்ப் தன்னைக் காத்துநின்றவரைத் தாண்டி, நின்று, குதித்து எறிந்தார். 32-30. மைலனுக்குக் கோப்பை.

மறுநாள் ஊர் திரும்பிய அணியை வரவேற்க, ஆயிரம் பேர் வாழும் அந்தச் சிற்றூரில் பல்லாயிரம் பேர் கூடிவிட்டார்கள். இந்த வெற்றியைத் தழுவி 1986-இல் 'ஹூசியர்ஸ்' என்ற திரைப்படமும் வந்தது. ஹூசியர் என்பது இண்டியானாக்காரரைக் குறிக்கும் செல்லப்பெயர்.

மறைக்கல்வி வகுப்பில் தாவீது கோலியாத்தை வீழ்த்திய நிகழ்ச்சியைப் பலமுறை கேட்டிருக்கிறோம். மைலனைப் பற்றிப் படித்தபிறகு எங்களுக்கு ஒன்று தோன்றியது. தாவீதிடம் இருந்தது வெறும் தைரியம் மட்டுமல்ல. தனக்குப் பொருந்தாத போர்க்கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டுத் தனக்குப் பழக்கமான கவணை எடுத்துக்கொண்டான் அல்லவா? மைலனும் மன்சியைப்போல் ஆட முயலவில்லை, மைலனைப்போலவே ஆடியது. நாமோ அன்று எதிரணியின் வேகத்துக்கு ஈடுகொடுக்க ஓடி, முதல் பாதியிலேயே மூச்சு வாங்கினோம்.

கதவு சாத்தப்பட்டவர்கள்

எல்லாருக்கும் ஒரே கோப்பை என்று எழுதினோம். ஆனால் மேலும் படித்தபோது 'எல்லாருக்கும்' என்ற சொல் நெடுங்காலம் உண்மையாக இருக்கவில்லை என்று தெரிந்து வருந்தினோம்.

இண்டியானாபொலிஸ் நகரில் 1927-இல் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகளை மற்றப் பள்ளிகளிலிருந்து பிரித்துத் தனியே வைப்பதற்காகவே திறக்கப்பட்ட பள்ளி அது. அந்தப் பள்ளி மாநிலச் சங்கத்தில் சேர விரும்பியபோது, "உங்கள் பள்ளி எல்லா மாணவரையும் சேர்த்துக்கொள்ளும் பொதுப்பள்ளி அல்ல" என்ற காரணத்தைக் காட்டி மறுத்துவிட்டார்கள். பிரித்து வைத்தவர்களும் அவர்களே. பிரிந்திருப்பதைக் குற்றமாகச் சொன்னவர்களும் அவர்களே! வெள்ளையர் பள்ளிகளோடு ஆட வழியில்லாமல் அட்டக்ஸ் மாணவர்கள் வெளிமாநிலங்கள்வரை பயணம்செய்து ஆடவேண்டியிருந்தது.

சாத்திய கதவுக்கு வெளியே நின்றவர்கள் அவர்கள் மட்டுமல்ல. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் அனுமதி இல்லை! கான்வென்ட் மாணவியராகிய எங்களுக்கு இது பெரும் வியப்பு. அந்நாளில் நாட்டின் கத்தோலிக்கப் பள்ளிகள் தங்களுக்கென்று தனியே ஒரு போட்டியை, சிகாகோ நகரின் லொயோலா பல்கலைக்கழகத்தில் 1924 முதல் 1941 வரை நடத்திவந்தன. கடைசியில் 1942-இல் இண்டியானா சங்கம் கறுப்பினப் பள்ளிகளுக்கும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கும் பிற தனியார் பள்ளிகளுக்கும் சேர்ந்தாற்போல் கதவைத் திறந்தது.

கதவு திறந்து 13 ஆண்டுகளில் அட்டக்ஸ் கோப்பையை வென்றது. ரே குரோ பயிற்சியாளர். ஆஸ்கார் ராபர்ட்சன் முன்னணி வீரர். 1954-இல் செமிஸ்டேட்டில் மைலனிடம் 65-52 என்று தோற்றவர்கள் இவர்கள்தாம். மறு ஆண்டு, 1955-இல், இறுதிப் போட்டியில் கேரி நகரத்து ரூஸ்வெல்ட் பள்ளியை 97-74 என்று வென்றார்கள். அமெரிக்காவிலேயே எல்லாப் பள்ளிகளும் ஆடும் மாநிலப் போட்டியொன்றை முற்றிலும் கறுப்பின மாணவர் பயிலும் பள்ளி வென்றது அதுவே முதல்முறை. 1956-இல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்காமல் மீண்டும் வென்றார்கள்.

ஆனால் வெற்றி ஊர்வலத்தில் ஒரு கசப்பு. வெல்லும் அணியை நகரின் நடுவிலுள்ள நினைவுச் சின்ன வட்டத்தில் வைத்துக் கொண்டாடுவது வழக்கம். அட்டக்ஸ் அணி ஏறிய தீயணைப்பு வண்டியோ அங்கே தங்காமல் சுற்றிவிட்டு, கறுப்பின மக்கள் வாழும் பகுதியின் பூங்காவுக்கு அனுப்பப்பட்டது. ராபர்ட்சன் பின்னாளில் 1960 ரோம் ஒலிம்பிக்கில் தங்கப் பதக்கம் வென்றார். உலகப் புகழும் பெற்றார். ஆயினும் பள்ளிப் பருவத்தின் அந்த இரவு தம் மனத்தைப் புண்படுத்தியதை அவர் முதுமையிலும் சொல்லியிருக்கிறார்.

ஆட்டத்தில் தோற்பது ஒரு வருத்தம். ஆடவே விடாமல் வெளியே நிறுத்துவது வேறு. வென்றபிறகும் ஒதுக்குவது அதனினும் கொடிது. 42-11 என்று தோற்றாலும் நாம் ஆடினோம். நம் பள்ளிப் பெயரைப் பலகையில் எழுதினார்கள். அதையும் நன்றியோடு நினைக்கிறோம்.

ஒன்று நான்கான நாள்

1959-இல் வந்த ஒரு சட்டத்தின் விளைவாக இண்டியானாவின் சிறிய பள்ளிகள் பல ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன. ஊருக்கொரு பள்ளி என்பது போய், நாலைந்து ஊர்களுக்கு ஒரு பள்ளி என்றானது. ஆய்வுக்கூடமும் நூலகமும் பெரிதாயின. ஆனால் பல ஊர்கள் தங்கள் அணியை, அணியின் பெயரை, நிறத்தை இழந்தன. பழைய மாவட்டக் கூட்டணிகளும் கலைந்தன.

மைலனுக்குப் பிறகு அத்தனை சிறிய பள்ளி எதுவும் ஒரே கோப்பைப் போட்டியில் வெல்லவில்லை. "நாற்பது ஆண்டில் ஒரு மைலன் போதுமா? மற்றச் சிறிய பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் தோற்பதற்காகவே ஆடவேண்டுமா?" என்று பலர் கேட்டார்கள். "ஒரே கோப்பையை வெல்லும் கனவே இந்த ஆட்டத்தின் உயிர், அதைத் துண்டு போடாதீர்கள்" என்று மற்றவர்கள் வாதாடினார்கள். அப்படி வாதாடியவர்களில் பாபி பிளம்பும் ஒருவர். 1990-இல் மாநில இறுதிப் போட்டிக்கு 41,046 பேர் வந்திருந்தார்கள் என்பதை அவர்கள் சுட்டிக்காட்ட முடிந்தது.

முடிவில் பிரிப்பவர்கள் பக்கமே வென்றது. 1997-இல் நடந்த கடைசி ஒரே கோப்பைப் போட்டியில் புளூமிங்டன் நார்த் பள்ளி வென்றது. அடுத்த பருவம் முதல் மாணவர் எண்ணிக்கைப்படி நான்கு பிரிவுகள், நான்கு கோப்பைகள். 1998-இல் அவற்றுள் ஒன்றை இண்டியானாபொலிஸின் கதீட்ரல் என்ற கத்தோலிக்கப் பள்ளி வென்றதைக் குறிப்பிடாமல் இருக்க எங்களால் முடியவில்லை. அட்டக்ஸ் பள்ளியும் 2017-இல் தன் பிரிவில் வென்றது.

இலாபமும் உண்டு, நட்டமும் உண்டு. முன்பு கோப்பையையே காணாத பல சிறிய ஊர்களின் அலமாரியில் இன்று கோப்பை இருக்கிறது. ஆனால் முன்பே குறைந்துவந்த கூட்டம் மேலும் குறைந்தது. ஆண்டர்சன் நகரின் சுமார் 9,000 பேர் அமரக்கூடிய பள்ளி அரங்கு, செலவு தாங்காமல் 2011-இல் மூடப்பட்டது.

சிரித்த தோழியருக்கு

இப்போது, தொடக்கத்தில் சிரித்தவர்களுக்கு ஒரு செய்தி. 1911-இல் பையன்களுக்கு மாநிலப் போட்டி தொடங்கியது. பெண்களுக்கு எப்போது தெரியுமா? 1976-இல். 65 ஆண்டுகள் காத்திருக்கவேண்டியிருந்தது! பள்ளிகளில் ஆண், பெண் வேறுபாடு காட்டக்கூடாது என்று 1972-இல் அமெரிக்க அரசு சட்டம் இயற்றிய பிறகே வழி பிறந்தது. முதல் கோப்பையை வார்சா என்ற ஊரின் பெண்கள் வென்றார்கள். அவர்களுள் ஜூடி வாரன் என்ற உயரம் குறைந்த மாணவி, மாநிலத்தின் முதல் சிறந்த கூடைப்பந்து வீராங்கனையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மைலன் வென்ற அதே அரங்கில்தான் அவர்களும் வென்றார்கள். ஆகவே பையன்களின் ஆட்டத்தைப் பற்றி எழுதினாலும், எங்கள் ஆட்டத்தைப் பற்றியே எழுதியிருக்கிறோம்.

எங்கள் வகுப்பின் தீர்ப்பு

இவற்றையெல்லாம் ஒரு வெள்ளிக்கிழமை கடைசி வகுப்பில் படித்துக் காட்டி, வாக்கெடுப்பு நடத்தினோம். ஒரே கோப்பை வேண்டும் என்றவர்கள் 23 பேர். பிரிவு பிரிவாக வேண்டும் என்றவர்கள் 17 பேர். பேருந்தில் தனிப் போட்டி கேட்டவள் ஒரே கோப்பை பக்கம் கை தூக்கியதைக் கண்டு பி.டி. மிஸ் சிரித்துவிட்டார். "ஏன் மாறிட்டே?" என்று கேட்டார். "தனியா வச்சா ஜெயிக்கலாம் மிஸ். ஆனா அவங்கள ஜெயிச்ச மாதிரி ஆகாதே" என்றாள்.

ஆனால் விவாதத்தின் முடிவில் எல்லாரும் ஒப்புக்கொண்ட கருத்து ஒன்று உண்டு. மைலன் வானத்திலிருந்து குதித்து வரவில்லை. அக்கம்பக்கத்துச் சிறிய பள்ளிகளோடு வாரந்தோறும் ஆடி ஆடியே அது தேறியது. நமக்கோ ஆண்டுக்கு ஒரே ஓர் ஆட்டம்; அதில் தோற்றால் அடுத்த ஆகஸ்டுவரை பந்து அலமாரியில் தூங்குகிறது. நமக்குத் தேவை தனிக் கோப்பை அன்று. ஒரு கான்ஃபரன்ஸ்தான் என்று புரிந்தது.

நம் மறைவட்டத்தில் நம்மைப்போன்ற சிறிய பெண்கள் பள்ளிகள் ஐந்து இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகாது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஒவ்வொரு பள்ளியிலும் முறைவைத்து ஆடலாமே என்று எழுதித் தலைமைச் சகோதரி அவர்களிடம் கொடுத்தோம். அவர்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பேருந்துச் செலவு யார் தருவது?" என்று கேட்டார்கள். நாங்கள் விழித்தோம். பிறகு அவர்களே நான்கு பள்ளிகளுக்கும் கடிதம் எழுதினார்கள். இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள்வரை இரண்டு பள்ளிகள் சம்மதம் தெரிவித்துள்ளன.

அரசுத் தேர்வு நெருங்கிவிட்டமையால் அந்த ஆட்டங்களில் நாங்கள் ஆடமாட்டோம். ஒன்பதாம் வகுப்புத் தங்கையர் ஆடுவார்கள். அவர்களிடம் எங்களுக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த ஆகஸ்டில் அதே பெரிய பள்ளியைச் சந்திக்கும்போது அவர்களைப்போல் ஓடாதீர்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு, பதறாமல், நம் ஆட்டத்தை ஆடுங்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதை அந்தப் பள்ளியும் அறிந்துகொள்ளட்டும். பெற்றோர்களே, சனிக்கிழமை உங்கள் மகள் காலணியைத் தேடினால் தயவுசெய்து எடுத்துக் கொடுங்கள்.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவியர் சார்பில், ஒரு மாணவி